மாமனாரின் முழங்கால்

பென்சில் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஆள் ஒல்லி; காதோரம் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்; இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் அது எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்தது. மாமனார் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து "பென்சிலம்மா" என்பார்.

வீடு இரண்டாம் மாடியில். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவன் தயவில்தான் ஏறி இறங்கின. அவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊரையெல்லாம் ஏத்தி விடுறான், பெத்தவனைப் படியில இழுத்தடிக்கிறான்" என்று மாமனார் படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். அவருக்கு மூட்டு வலி.

கணவனின் தங்கை அப்போது அவர்களோடுதான் இருந்தாள். பாடப்புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டும் வேலை அவளுக்கு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே சீப்பு, ஒரே குடை, ஒரே செருப்பு அளவு. "நாத்தனார்னா நாலு நாளைக்கு ஒரு சண்டையாவது வேணாமா? எங்களுக்குப் பொழுதே போகலையே" என்று எதிர்வீட்டுக்காரி அலுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நர்ஸிங் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு புத்தகம். படம் போட்டுட்டிருந்தவர் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். உங்களுக்குத்தான் பாத்தது கையில அப்படியே வருமே. வரைஞ்சு குடுங்களேன்."

"நானா? எலும்பும் நரம்பும் நான் எங்க கண்டேன்?"

"பாத்து வரையறதுதானே. பெரிய புத்தகம் ஒண்ணு கொண்டாந்து தர்றேன்."

"பேர் போடுவாங்களா?"

"கண்டிப்பா அண்ணி."

சின்னப் பிள்ளையாக இருந்த மகள் மதியம் தூங்கும் நேரத்தில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு பென்சில் வரைய உட்காருவாள். பெரிய புத்தகம் எலும்பைக் காட்டியது; மேல்தோலும் மடிப்பும் எப்படி இருக்கும் என்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. கைக்குத் தன் இடது கையையே பார்த்து வரைந்தாள். காலுக்கு மாமனார். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு நாற்காலியில் காலை நீட்டி, அசையாமல் உட்காருவார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு.

"தழும்பை விட்டுடட்டுமா மாமா?"

"ஏன் விடணும்? என் முட்டி ஊர்சுத்தப் போகுது. அடையாளம் வேணாமா?"

அதையும் வரைந்தாள். அவள் வரைந்த தாளின் கீழ் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக ஒரு பென்சில் இருக்கும். அதுதான் அவள் கையெழுத்து. சில தாள்களில் அவளைக் கேட்காமலே இன்னொரு கையெழுத்தும் விழுந்தது: தூங்கி எழுந்த மகள் மேசையில் தொற்றி ஏறி, ஓரத்தில் சிவப்புக் கிரேயானால் சுழற்றிவிட்ட வட்டங்கள். பென்சில் பதறினாள். நாத்தனார் சிரித்தாள். "ஓரம்தானே அண்ணி, வெட்டிக்கலாம்."

தாள்களையெல்லாம் ஒரு அட்டைப்பையில் போட்டு நாத்தனாரே எடுத்துப்போனாள். பிறகு பேச்சே இல்லை. கேட்டால் "பாத்துட்டிருக்காங்க" என்பாள். அப்புறம் ஒரு சாயங்காலம், மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

"எடுத்துக்கலையாம் அண்ணி. கோடு நடுங்குதுன்னு சொல்லிட்டாங்க."

"எந்தப் படத்துல?"

"பொதுவா. எல்லாத்துலயும்தான்."

"தாளெல்லாம்?"

"அங்கயே தூக்கிப் போட்டுட்டாங்க போல."

பென்சில் அழவில்லை. கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை. ஆனால் படித்தவர்கள், நாள் முழுக்கப் படமே பார்ப்பவர்கள் சொன்னால் இருக்கும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பூ, ஒரு பட்டாம்பூச்சி வரைந்து கொடுக்கும்போதுகூட, முடித்தபின் தாளைத் தள்ளி வைத்து ஒற்றைக் கண்ணால் கோட்டைப் பார்ப்பாள். வங்கியில் கையெழுத்துப் போட்டாலும் அப்படித்தான்.

அந்த வருடமே நாத்தனாருக்குப் பதவி உயர்வு வந்தது. அலுவலகத்தில் இருந்து ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்து சாப்பிட்டது. அத்தனை பேருக்கும் சமைத்தது பென்சில்தான். விடிந்ததில் இருந்து வெங்காயம் உரித்துக் கண் சிவந்திருந்தது. "உங்க நாத்தனார் கையில கலை இருக்குங்க" என்று ஒருவர் கை கழுவும்போது சொன்னார். பக்கம் கட்டுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாத்தனார் கல்யாணமாகித் தனி வீடு போனாள். பதிப்பகத்தில் படப் பிரிவுக்கே தலைவியானாள். மாமனார் படுத்த படுக்கையானார். படுத்துக்கொண்டும் அவ்வப்போது மகனிடம் கேட்பார்: "என் முட்டி எந்தப் புத்தகத்துலயும் வரலையாடா?" மகன் தலையணையைச் சரி செய்துவிட்டு எழுந்து போய்விடுவான். மாமனார் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

மகள் பெரிய வகுப்புக்குப் போனதும் பென்சிலுக்கு வீட்டில் கை காலியாக இருந்தது. பக்கம் கட்டும் வேலையை ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டாள். டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே புதிதாக எதையும் உருவாக்க மாட்டார்கள். பழைய சாஃப்ட்வேரில் கட்டிய புத்தகங்களைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றித் தருவார்கள். பதிப்பகங்களுக்குப் பழைய ஃபைல் திறப்பதே பெரும்பாடாகிப்போன காலம்.

எழுத்து எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். படம்தான் தகராறு. சிலர் படத்தைத் தனி ஃபைலாக வைத்து, பக்கத்தில் அதன் இருப்பிடத்தை மட்டும் குறித்திருப்பார்கள். அது பிரச்சினை இல்லை. சிலர் படத்தைப் பக்கத்துக்குள்ளேயே புதைத்திருப்பார்கள். அதைப் புது சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கத்தில் வெறும் சாம்பல் நிறப் பெட்டி நிற்கும். இன்னொன்றில் மங்கலாக ஒரு நிழல் நிற்கும். பழைய ஃபைலுக்குள் போய் ஒவ்வொரு படத்தையும் தனியே பிரித்தெடுத்து, பெயர் கொடுத்து, திரும்ப அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பென்சிலுக்கு அதில் பொறுமை உண்டு. மேனேஜர் படம் அதிகமுள்ள புத்தகங்களை அவளுக்கே தள்ளிவிடுவார்.

இன்னொரு விஷயமும் உண்டு. பக்கம் கட்டும்போது படத்தின் ஓரத்தை வெட்டினால் அது உண்மையில் வெட்டுப்படாது. ஜன்னலைச் சின்னதாக்கின மாதிரி, வெளியே தெரிவதுதான் குறையும். முழுப் படமும் ஜன்னலுக்குப் பின்னால் அப்படியே நிற்கும். அச்சான புத்தகத்தில் அதைக் காண முடியாது. மாற்றும்போது பல சமயம் அந்த ஜன்னல் தொலைந்துபோய், உள்ளே இருந்த மொத்தமும் வெளியே வந்து நிற்கும்.

நாத்தனாருடைய பதிப்பகத்தில் இருந்து ஒரு மூட்டைப் பழைய புத்தகங்கள் வந்தபோது பென்சில் சந்தோஷப்பட்டாள். 'நம்ம வீட்டுப் பிள்ளை வேலை செய்யும் இடம், ஒரு குறை சொல்லக்கூடாது' என்று நினைத்தாள். எந்த அலுவலகத்துக்கு வேலை போகிறது என்று நாத்தனார் விசாரித்திருக்கவில்லை. அது கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் விஷயம்.

மூட்டையில் நாலாவது புத்தகம் நர்ஸிங் மாணவிகளுக்கானது. பழைய சாஃப்ட்வேரில் திறந்தாள். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு முழங்காலில் நின்றாள்.

"இந்த முட்டிய எங்கயோ பாத்திருக்கேன்" என்றாள்.

பக்கத்து நாற்காலி சோடாபுட்டி எட்டிப் பார்த்தான். கண்ணாடி தடிமனால் வந்த பெயர் அது. "என்னக்கா புதுசா? எல்லாரும் ஆளுக்கு ரெண்டு வச்சிருக்கோம்."

அவள் சிரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது.

இருந்தாலும் மனசு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிளில் இருந்து விழாதவன் யார், தழும்பு யாருக்குத்தான் இல்லை என்று தனக்குத்தானே வாதாடினாள். அடுத்த பக்கத்துக் கையும் தன் இடது கை மாதிரி இருந்தபோது, கையும் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டாள். பிறகு ஃபைலைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றினாள். ஜன்னல்கள் தொலைந்தன. ஒவ்வொரு படமும் பெட்டிக்குள் சுருங்கி, முழுத் தாளாக வந்து நின்றது. மூலையில் நகம் அளவு பென்சில். ஓரத்தில் சிவப்புக் கிரேயான் வட்டங்கள். ஒன்றில் தண்ணீர் டம்ளர் வைத்த ஈரத்தடம்கூட இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஒன்றுகூடத் தூக்கிப்போடப்படவில்லை.

முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். 'ஓவியங்கள்' என்று போட்டு, பக்கத்தில் நாத்தனாரின் பெயர் இருந்தது. அதன் கீழே இத்தனையாவது பதிப்பு என்ற நீண்ட வரிசை.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் சோடாபுட்டி. அவளுக்கு அது காதில் விழவில்லை. வெங்காயம் உரித்த அந்த விருந்து நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. திருட்டுக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். பறிகொடுத்தவளே சமைத்துப் போட்டிருக்கிறாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணவனிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தாள். அவன் கோபக்காரன். தங்கை வீட்டுக்குப் போய்க் கத்திவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். அவன் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் துண்டை நாலாக மடித்தான். நாலாக மடித்ததை எட்டாக மடித்தான்.

"அது இப்ப எதுக்கு?" என்றான்.

பென்சில் அவனைப் பார்த்தாள். 'அப்படியா' என்று கேட்கவில்லை. 'யாரு, அவளா' என்று கேட்கவில்லை. 'இப்ப எதுக்கு' என்கிறான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"தெரியுமான்னு கேட்டேன்."

"அவ எங்கிட்டதான் வந்து சொன்னா. படத்தையெல்லாம் பாத்துட்டு அவங்க பெரியவர், 'யாரு வரைஞ்சது, கூட்டிட்டு வா, வேலைக்கே வச்சுக்கலாம்'னு சொன்னாராம். பாப்பா சின்னப் பிள்ளை. அப்பாவுக்கும் முடியல. நீயும் வேலைக்குப் போயிட்டா வீடு என்ன ஆகுறது? நான்தான், எடுத்துக்கலைன்னு சொல்லிடுன்னு சொன்னேன்."

"அவ பேரைப் போட்டுக்கச் சொன்னதும் நீங்கதானா?"

"அது அவளா பண்ணிக்கிட்டா, தானே வரைஞ்சதா அங்க சொல்லி. அப்புறம்தான் எனக்குத் தெரியும். தெரிஞ்சப்போ புத்தகம் வந்துடுச்சு."

அவள் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். பிறகு கேட்டாள்:

"கோடு நடுங்குதுன்னு யார் சொன்னது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஏதாவது ஒரு காரணம் சொல்லணுமேன்னு கேட்டா. அன்னைக்கு ஒரு லிஃப்ட்ல கேபிள் நடுங்கிட்டே இருந்துச்சு. அதே நெனப்புல இருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இத்தனை வருடம் அவள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்த ஒவ்வொரு கோடும் அவனுக்கு வாய்க்கு வந்த ஒரு வார்த்தை. நாத்தனார் ஏமாற்றியதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். இவன் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். பெற்ற தகப்பன் கேட்டபோதும் தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனான்.

அவள் சண்டை போடவில்லை. தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான். அவள் மகளின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வேலையில் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. படங்களின் வெட்டு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைப் பதிப்பகம்தான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேனேஜர் வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்றார். "நானே போறேன்" என்றாள் பென்சில்.

கண்ணாடி அறை. ஒரு நீள மேசை. நாத்தனாரும், அவளுக்கு மேலே இருந்த பதிப்பாசிரியரும். அந்தப் 'பெரியவர்' அவர்தான். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அண்ணியை அங்கே பார்த்ததும் நாத்தனார் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா அண்ணி!" என்றாள். பென்சில் லேப்டாப்பைத் திருப்பி, முழங்கால் படத்தைப் பெரிதாக்கினாள். முழுத் தாள் வந்தது. நாத்தனாரின் முகம் அப்படியே நின்றுபோனது.

"இது என்னம்மா, ஓரத்துல சிவப்பா கிறுக்கியிருக்கு?" என்று பதிப்பாசிரியர் கேட்டார்.

"என் மகளோடது சார்" என்றாள் பென்சில்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். நாத்தனார் சிரித்தாள். "ஆமா சார், அப்போ நான் அண்ணி வீட்லதானே இருந்தேன். அங்க உக்காந்து வரைஞ்சேனா, பாப்பா வந்து கிறுக்கிட்டா. அண்ணி, ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள் பென்சில். கேள்வியாக வேறு கேட்கிறாள், 'ஞாபகம் இருக்கா' என்று.

"மூலையில பென்சில் மாதிரி ஒண்ணு இருக்கே, எல்லாத்துலயும்?"

பதிப்பாசிரியர் நாத்தனாரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அது என் பேரு சார்" என்றாள் பென்சில். "அந்த முட்டி என் மாமனாரோடது. இவங்க அப்பாதான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கே கேட்டேனே, யாரு வரைஞ்சதுன்னு" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை என்ன செய்வது என்று யோசிப்பதும் முகத்தில் தெரிந்தது. "சரி. குடும்ப விஷயம், நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க. புத்தகத்துல படம் பழைய அளவுலயே இருக்கட்டும். ஓரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே நடைபாதையில் நாத்தனார் பின்னாலேயே ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர்.

"அண்ணி, நான் மட்டும் இல்ல. அண்ணன்தான்..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இங்க வந்து இப்படி?"

"அங்க ஒரு வார்த்தை, 'ஆமா, அண்ணி வரைஞ்சது'ன்னு சொல்லியிருந்தா, அதோட விட்டிருப்பேன். நீ சொல்லுவேன்னு நம்பித்தான் வந்தேன்."

"என் வேலை போயிடும் அண்ணி."

"எனக்கு வேலை வந்ததே தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பென்சில் படியில் இறங்கினாள்.

வெட்டும் வேலையை மேனேஜர் சோடாபுட்டியிடம் கொடுத்தார். அவனுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். "அக்கா, பண்ணட்டுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்று வந்து நின்றான். "பண்ணுப்பா. உன் வேலை அது" என்றாள். அவன் ஒவ்வொரு படமாக ஜன்னலைச் சுருக்கினான். அவள் எழுந்து போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஒரு புத்தகத்தின் வரைபடங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பதிப்பாசிரியர் போன் செய்தார். அடுத்த பதிப்பில் நாத்தனாரின் பெயருக்குக் கீழே 'உதவி' என்று போட்டு அவள் பெயரையும் சேர்க்கலாம் என்றார். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றார். நல்லது செய்வதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும்.

"யாருக்கு சார் நான் உதவி பண்ணேன்?" என்று கேட்டாள். அவர் அச்சுக்குப் போகும் தேதியைச் சொன்னார். "அப்படின்னா என் பேரே வேண்டாம் சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் காதுக்கும் போனது. பெரிய மாமியார் முதல் ஒன்றுவிட்ட கொழுந்தன் வரை ஆளாளுக்கு வந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். பழசைக் கிளறாதே, வீட்டுக்குள்ளேதானே போச்சு, வெளியிலயா போச்சு, அவள் நல்லா இருந்தா உனக்கு நல்லதுதானே. ஒருத்தி, "படம்தானே, திரும்ப வரைஞ்சாப் போச்சு" என்றாள். பென்சில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். மகள் மட்டும், எல்லாவற்றையும் கேட்டபின், அப்பாவிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள். அவள் அவனுக்குப் பிள்ளை, அவளால் அப்படித்தான் முடியும்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது, பென்சில் தன் துணிகளையும் சேர்த்து அடுக்கினாள். அங்கேயும் இதே வேலை கொடுக்க ஒரு அலுவலகம் இருந்தது. கணவன்தான் பெட்டிகளை இரண்டு மாடியும் இறக்கினான். கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "திட்டியாவது தொலைச்சிடேன். இப்படி ஒண்ணும் பேசாமப் போறியே" என்றான்.

"என்ன பேசறது? கோபம் இருந்தா திட்டியிருப்பேன். நீங்க சொன்னதை நம்பினேன். இனிமே நீங்க மழை பெய்யுதுன்னு சொன்னாலும் நான் ஜன்னலைத் திறந்து பாக்கணும். அப்படி ஒரு வீட்ல எனக்கு இருக்கத் தெரியல."

அவன் மாதம் ஒருமுறை வருகிறான். வரும்போது மகளுக்குப் பழம் வாங்கி வருகிறான். அந்த வீட்டுக் குழாயில் ஒழுகல் இருந்தால் சரி செய்கிறான். பென்சில் சாப்பாடு போடுகிறாள். ரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்கிறாள். தங்கையைப் பற்றி அவன் பேச்செடுப்பதில்லை. ஒருமுறை மட்டும், தங்கை வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். தானாக விட்டாளா, விடச் சொன்னார்களா என்று சொல்லவில்லை. உண்மையாகவே விட்டாளா என்றும் பென்சிலுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று போன முறை அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏழு மணிக்கு இருக்கு. கூட்டமா இருக்கும், சீக்கிரம் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மேசையைத் துடைக்கப் போனாள்.